வாசற்படியோடு நின்றுவிடும் விருந்து

"நீங்க போயிட்டு வாங்க மகள். எனக்கு ஒண்டும் வேணாம். வரக்குள்ள ஒரு பார்சல் எடுத்துட்டு வந்தாப் போதும்."

சக்கர நாற்காலியில் ஒரு தாய் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். பிள்ளைகளும் "உம்மாவுக்கு வர விருப்பமில்லை" என்று எண்ணிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். உண்மையில் விருப்பமில்லையா? போன தடவை போனபோது பட்டது போதும் என்ற முடிவா? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அவருடன் வீட்டில் தங்குவதற்கு ஒரு மகளோ மருமகளோ வேண்டும். ஆக, அந்தப் பயணத்தை இழப்பவர்கள் இரண்டு பெண்கள்.

சக்கர நாற்காலி என்றதும் யாரோ ஒரு தூரத்து மனிதரை நினைக்க வேண்டாம். சீனி வருத்தத்தில் காலை இழந்தவர், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்தவர், யுத்த காலத்தில் மிதிவெடியில் சிக்கியவர் என்று நம்முடைய ஊர்களில் அத்தகையோர் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

முதல் தடை வாசலில் இருக்கிறது. நடப்பவர் கண்ணுக்கே தெரியாத ஆறு அங்குலப் படி, சக்கரத்திற்கு ஒரு மதில். சாய்தளம் அமைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி, மூன்று படிகள் சேர்ந்து பதினெட்டு அங்குலம் என்றால் பதினெட்டு அடி. சில சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகக் கொத்திவிட்ட செங்குத்துச் சரிவைக் காட்டி, "எங்களிடம் வசதி இருக்கிறது" என்கிறார்கள். பளபளக்கும் வழுவழுப்பான தரைக்கல்லை வேறு அதில் பதித்திருப்பார்கள். மழை நாளில் அதில் ஒரு நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

"அதற்கென்ன, நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவோமே" என்று உடனே சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சகோதரிகளே, அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நாற்காலியோடு சேர்த்துத் தூக்குவது யார்? கடைப் பையன்கள், வாசற்காவலாளி, வழியில் நின்ற யாரோ. வாழ்நாளெல்லாம் அந்நிய ஆண்களின் கை படாமல் பேணுதலாக வாழ்ந்த ஒரு பெண், எல்லோரும் பார்த்திருக்க, முந்தானை விலகுமோ என்ற பதற்றத்தோடு அந்தரத்தில் தொங்க வேண்டியிருக்கிறது. தூக்குபவர் ஒருவரின் கை வழுக்கினால் விழுவதும் அவர்தான். பிறகு எப்படி அடுத்த விருந்துக்கு வருவார்?

மலசலகூடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கதவின் திறந்த இடைவெளி முப்பத்திரண்டு அங்குலமாவது இருந்தால்தான் நாற்காலி தாராளமாக நுழையும். உள்ளே திரும்புவதற்கு ஐந்தடி இடம் வேண்டும். பல மண்டபங்களில் அந்தக் கதவு ஒரு மெலிந்த மனிதருக்கென்றே வைத்ததுபோல இருக்கும். அதனால் வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர் அப்படி இருப்பது எவ்வளவு ஆபத்து!

இனி நமது கலியாண வீடுகளுக்கு வருவோம். பெண்களுக்கு மேல்மாடி, ஆண்களுக்குக் கீழ்மாடி என்று ஒதுக்குவது நம்மிடையே பரவலான வழக்கம். லிப்ட் இல்லாத மண்டபத்தில் அது மூத்தம்மாவைக் கீழே ஒரு மூலையில் தனியே விட்டுவிடும் ஏற்பாடாகிவிடுகிறது. ஸஹன் சாப்பாடு மற்றொன்று. ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றிப் பாயில் அமர்ந்து உண்பது அருமையான பழக்கம்தான். நாற்காலியிலிருந்து இறங்க முடியாதவர் மட்டும் ஒரு பீங்கானில் தனியாக வாங்கி, மற்றவர் தலைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு உண்கிறார். ஒரே ஒரு ஸஹனை மேசைமேல் வைத்து, சுற்றிலும் ஐந்து பேரைக் கதிரையில் அமர்த்தினால் முடிந்தது விடயம்!

குர்ஆனில் ஸூரத்துந் நூரின் 61ஆவது வசனம் இந்த விடயத்தைத் தொடுகிறது. பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோரைக் குறிப்பிட்டுத் தொடங்கி, பெற்றோர், சகோதரர், உறவினர், நண்பர் வீடுகளில் உண்பதைப் பற்றியும், சேர்ந்தோ தனித்தோ உண்பதில் குற்றமில்லை என்பது பற்றியும் அது பேசுகிறது. இதன் பின்னணிக்கு முபஸ்ஸிரீன்கள் பல காரணங்கள் கூறுகிறார்கள். அவற்றில் ஒன்று என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. பார்வையற்றவருக்கு நல்ல துண்டு எது என்று தெரியாது, கால் ஊனமுற்றவரால் வசதியாக அமர முடியாது, அவர்களுடைய பங்கை நாம் உண்டு அநீதி செய்துவிடுவோமோ என்று அஞ்சியே சிலர் அவர்களோடு சேர்ந்து உண்ணாமல் ஒதுங்கினார்களாம். அவர்களிடம் வெறுப்பு இருக்கவில்லை, பேணுதல்தான் இருந்தது. ஆனாலும் தனித்துப் போனவர் தனித்துத்தான் போனார். "உம்மாவுக்கு ஏன் வீண் கஷ்டம்" என்று நாம் வீட்டில் விட்டுச் செல்வதும் அதே ரகம் அல்லவா?

நாட்டுச் சட்டமும் மௌனமாக இல்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ், பொதுமக்கள் வந்து போகும் கட்டடங்களில் அணுகு வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா நீதிமன்றம் சென்றதன் பயனாக, புதிய பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட இந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆகவே மண்டப உரிமையாளரிடம் சாய்தளம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை.

சினிமாவுக்குப் போகலாமா கூடாதா என்பதை இங்கே நான் பேச வரவில்லை. பிள்ளைகளோடு போகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வணிக மையங்களில் லிப்ட் உங்களை அரங்கின் வாசல் வரை கொண்டுபோய்விடும். உள்ளேதான் படிப்படியாக உயரும் இருக்கை வரிசைகள். நாற்காலிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் திரைக்கு நேர் கீழே முன்வரிசை ஓரம். இரண்டரை மணி நேரம் கழுத்தை அண்ணாந்து வைத்திருப்பது யாருக்கும் தண்டனைதான். டிக்கட் எடுக்குமுன் நாற்காலி எங்கே நிற்கும், பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமர இடமுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிடப் போவதற்கு முன்பும் இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு பாதிக் கஷ்டத்தைத் தீர்க்கும். "வசதி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு, இருக்கு" என்றுதான் பதில் வரும். வாசலில் எத்தனை படி, மலசலகூடக் கதவு எத்தனை அங்குலம், அது எந்த மாடியில் என்று கேளுங்கள். கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் தவறில்லை. மேசையின் கீழ் முழங்கால் நுழைய இருபத்தேழு அங்குல உயரமாவது வேண்டும். குறுக்குச் சட்டம் உள்ள மேசை உதவாது. ஓரமாக உள்ள மேசையைச் சொல்லி, ஒரு கதிரையை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

சாப்பாடு கேட்க வருபவர் பெரும்பாலும் நாற்காலியில் இருப்பவரைப் பாராமல் பக்கத்தில் இருக்கும் மகளிடம், "உம்மாவுக்கு என்ன?" என்பார். கால்தான் நடக்காது, வாய் பேசும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்! அந்த நேரத்தில் மகள் ஒன்றும் சொல்லாமல் உம்மாவின் முகத்தைப் பார்த்தால் போதும். புரியாணியா, இடியப்பமா என்பதை அவர் சொல்லிக்கொள்வார்.