சாட்சிகள் மறையுமுன்

வழக்கு எத்தனை வருஷமும் நீளலாம். சாட்சியின் ஆயுள் நீளாது. நியாயஸ்தலத்தில் பழகியவர் எவரும் இதனை அறிவர். முக்கியமான சாட்சி ஒருவர் நோயினாலோ தள்ளாமையினாலோ கோர்ட்டுக்கு வர இயலாவிடின், கமிஷனர் ஒருவரை நியமித்து, அவர் படுக்கையருகே சென்று வாக்குமூலம் வாங்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு காணி நிலத்தைப் பற்றிய வழக்குக்கே இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் நாம், தேச சரித்திரத்தின் சாட்சிகள் விஷயத்தில் காட்டிவந்திருக்கும் அசிரத்தையை என்னென்று சொல்வது! இந்திய தேசீய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களை நினைந்தே இதை எழுதுகிறோம்.

1943-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கிழக்காசிய இந்தியர் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ந் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்கார் பிரகடனமாயிற்று. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. நேதாஜி ஹிந்துஸ்தானியில் பேசுவார்; அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்படும். கேட்டு நின்றவர்களில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த தமிழர் ஏராளம். தாய்நாட்டைக் கண்ணாலும் கண்டிராதவர் அவர்களுள் பலர். காணாத தேசத்திற்காக அவர்கள் துப்பாக்கி ஏந்தினர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கியபோது, ராணிப் படைப் பெண்கள் குண்டுவீச்சுக்கும் சேற்றுக்கும் நடுவே இரவிரவாக நடந்தனர். நேதாஜியும் அவர்களுடன் நடந்தார்.

இவர்கள் கதையை எழுதி வைத்தவர் யார்? 1945 நவம்பர் 5-ந் தேதி டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், ஸஹகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் விசாரணை தொடங்கிற்று. ஸ்ரீ புலாபாய் தேசாய் அவர்கள் தரப்பில் நின்று, அடிமைப்பட்ட ஜனங்களுக்கும் யுத்தம் செய்யும் உரிமை உண்டென வாதித்தார். அவ்விசாரணையின் நடவடிக்கைகள் அச்சேறி இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. பிடிபட்ட மற்ற வீரர்களையும் பிரிட்டிஷ் அதிகாரிகள் விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகை பிரித்தனர். அந்நிய சர்க்கார் தண்டிக்கும் நோக்கத்துடனாயினும் கேட்டது, எழுதியும் வைத்தது. நமது சொந்த சர்க்கார் 1972-ல் தியாகிகளுக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது. அது செய்யத்தக்க காரியமே. ஆனால் அங்கே கேட்கப்பட்டது, எத்தனை மாதம் சிறையிருந்தீர், அதற்குச் சான்று எங்கே என்பது. நீர் கண்டதென்ன, பட்டதென்ன என்பதற்கு விண்ணப்பத்தாளில் இடம் ஏது?

தலைவர்கள் தம் கதையைத் தாமே எழுதிக் கொண்டனர். ஷா நவாஸ் கான் 1946-லேயே நூல் வெளியிட்டார். காப்டன் லக்ஷ்மியின் நினைவுகளும் ஆங்கிலத்தில் நூலாயின. தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ச் சிப்பாய்க்கு ஆங்கிலமும் தெரியாது. எழுதும் பழக்கமும் இல்லை. பிறர் கேட்டு எழுதினாலன்றி அவன் சொல் நிலைக்க வழியில்லை.

எழுதப்படாத துன்பம் எப்படி மறைந்துபோகும் என்பதற்கு அதே யுத்தத்தில் மற்றோர் அத்தாட்சி உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் 1942-43-ல் போட்டனர். அதில் நேச தேசத்துக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் முதலான ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் தொகையோ அதனினும் பல மடங்கு. கைதிகளில் பலர் ரகசியமாகக் குறிப்பெழுதினர், சித்திரம் வரைந்தனர், ஊர் திரும்பி நூல்கள் எழுதினர். காஞ்சனபுரி மயானத்தில் அவர்களுடைய கல்லறைகள் பெயர் தாங்கி வரிசையாக நிற்கின்றன. நம்மவர் காட்டிலே புதைந்தனர். பெயரும் உடன் புதைந்தது.

கல்லை மட்டும் நம்பிப் பயனில்லை. உயிர்நீத்த வீரர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி 1945 ஜூலை 8-ந் தேதி அஸ்திவாரமிட்ட ஞாபகச் சின்னத்தை, அவ்வருஷமே திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தனர். 1995-ல் அவ்விடத்தில் சிங்கப்பூர் சர்க்கார் அடையாளப் பலகை நாட்டியது. அதே சிங்கப்பூர் 1979-ல் வாய்மொழிச் சரித்திரத்திற்கெனத் தனிப் பிரிவு அமைத்து, ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்களின் குரலைத் தமிழ் உள்ளிட்ட பல பாஷைகளில் பதிவு செய்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2000-ல் போர்வீரர் சரித்திரத்திற்கெனச் சட்டமே இயற்றியது. டில்லி நேரு ஞாபக நூல்நிலையத்திலும் அத்தகைய வேலை நடந்ததுண்டு. கிராமத்துச் சிப்பாயின் வாசல் வரை அது வந்து சேரவில்லை என்பதே நமது குறை.

1943-ல் பதினெட்டு வயதினராயிருந்தவர் இன்று உயிருடனிருப்பின் நூறு வயதை எட்டியிருப்பார். காப்டன் லக்ஷ்மி 2012-லும், மலேசியாவின் ஜானகி ஆதி நாகப்பன் 2014-லும் காலமாயினர். இனி எஞ்சியிருப்பவை வீட்டுப் பரணில் கிடக்கும் கடிதங்களும், மங்கிய படங்களும், மக்களும் பேரரும் காதால் கேட்டவையுமே. அவற்றையேனும் இப்பொழுதே திரட்டுதல் வேண்டும். அத்துடன் நிற்பதும் தவறாகும். 1962, 1965, 1971 யுத்தங்களில் நின்றவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். 1971-ல் இருபது வயதினர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். இவர்களையும் கேளாமலே வழியனுப்பி விடப் போகிறோமா?

கேட்பதற்கும் முறை உண்டு. விடையைத் தன்னுள்ளே அடக்கிய கேள்வியைத் தன் தரப்புச் சாட்சியிடம் கேட்கலாகாது என்பது சாட்சிய விதி. இங்கும் அதுவே பொருந்தும். "அஞ்சாமல் போரிட்டீர் அல்லவா?" என்று கேட்டால் "ஆம்" என்றே பதில் வரும். "அன்றிரவு என்ன உண்டீர்? பக்கத்தில் யார் இருந்தார்?" என்று கேளுங்கள். அவருடைய சொந்தப் பேச்சிலேயே பேச விடுங்கள், திருத்தாதீர்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, கேட்ட தேதி ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். காத்திருந்தவர்களுக்கும் ஒரு யுத்தம் உண்டு. கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்யும் இக்காலத்தில், கருவி இல்லை என்ற சாக்கு செல்லாது. பதிவின் பிரதி ஒன்று வீட்டிலும், மற்றொன்று ஊர் நூல்நிலையத்திலோ கல்லூரியிலோ இருத்தல் வேண்டும்.

கிழவர் ஞாபகம் பிசகும், கூட்டியும் குறைத்தும் சொல்வர் என்பார் சிலர். உண்மையே. பிசகும் என்பதற்காக எந்த நியாயஸ்தலமும் சாட்சியை விசாரியாமல் அனுப்புவதில்லை. முதலில் வாக்குமூலம், பிறகு குறுக்கு விசாரணை, அதன் பின்னரே தீர்ப்பு. தஸ்தாவேஜுடன் ஒத்துப் பார்க்கும் வேலையை வருங்காலச் சரித்திராசிரியர் செய்து கொள்வர். வாக்குமூலமே இல்லையெனில் அவர்கள் எதை ஒத்துப் பார்ப்பது?

நமது நேயர்களில் அநேகர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய சிப்பாய் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். மாலையணிவித்து மேடையேற்ற வருஷத்தில் ஒரு நாள் நாம் அவரை நாடுகிறோம். மேடையும் மாலையும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அவரருகே போய் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம். இந்த வாரமே செய்தல் நலம்.