கடலுக்குக் கூண்டு ஏத்துறாங்க... பக்கிங்காம் கால்வாய்க்கு யார் சொல்றது?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் வருகிறது என்று துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாச்சு. மீன்வளத் துறையும் வானிலை மையமும் 'கடலுக்குப் போகாதீங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. எண்ணூர் மீனவர்களும் போகவில்லை. ஆனால் அந்த முறை ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. முதுகுப்பக்கமாக, கால்வாய் வழியாக வந்தது.

மணலியில் வெள்ளம் தேங்கியபோது அதோடு எண்ணெயும் கலந்தது. மழைநீர் வடிகால், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு என்று இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. அந்த ஆலை வளாகத்திலிருந்துதான் எண்ணெய் வந்தது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இதெல்லாம் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஒரு விஷயம் மட்டும் அதிகம் பேசப்படவில்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் வருவது எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்துத்தான். படகும் வலையும் கறுத்த பிறகுதான்.

அரசு அறிவித்த நிவாரணம் சுமார் 8.68 கோடி ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. வலை விலை தெரிந்தவர்களுக்கு அந்தப் பத்தாயிரம் எவ்வளவு தூரம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடைத்தால் மட்டும் போதுமா?

கால்வாய்க் கரை உடைந்தால் நம்ம ஊரில் என்ன செய்வார்கள்? சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, பொக்லைன் வைத்து மண் கொட்டுவார்கள். எண்ணெய் என்றால் மிதவைத் தடுப்பு போட்டு, உறிஞ்சி எடுப்பார்கள். அந்த டிசம்பரில் எண்ணெயை அள்ளப் பெரும்பாலும் இறங்கியது மீனவர்கள்தான், அதுவும் பக்கெட்டும் மக்குமாக. துப்புரவு வேகம் பிடிக்கவே ஒரு வாரம்போல ஆகிவிட்டது.

ஆனால் அடைக்கிற வேலை நடக்கும்போதே இன்னொரு வேலையும் நடக்கணும். எந்த இடத்தில் தண்ணீர் கெட்டிருக்கு, எங்கே படகு போகக் கூடாது, எப்போது திரும்ப இறங்கலாம் என்று சொல்லும் வேலை. இங்கிலாந்தில் கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை, ஒரு மதகு பழுதானால்கூட இணையத்தில் அறிவிப்பு போடுகிறது. பெயர் பதிந்தவர்களுக்கு மின்னஞ்சலும் போகும். அங்கே பலருக்குப் படகு என்பது பொழுதுபோக்கு. எண்ணூரில் அது அன்றாடச் சோறு.

இந்தியாவில் இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கு. உள்நாட்டு நீர்வழி ஆணையம் கங்கை போன்ற ஆறுகளுக்கு, ஆழம் எவ்வளவு, தடை எங்கே என்று 'நதி அறிவிப்பு' வெளியிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பக்கிங்காம் கால்வாயும் சட்டப்படி தேசிய நீர்வழிதான். 2008இல் அறிவிக்கப்பட்ட நான்காம் எண் நீர்வழியில் அதுவும் சேர்த்தி.

சாக்கடை இல்லை, நீர்வழி

இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இதே கால்வாய், 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குப் படகு விடத்தான் வெட்டப்பட்டது. 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்தன. ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கேட், அதைத் திறந்து மூட ஆள். 1965, 1966 புயல்களில் அடிபட்டபின் படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. கேட்டோடு சேர்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த ஆளும் போய்விட்டார்.

எண்ணெய் ஒருமுறை வந்து போன விபத்து என்றும் விட முடியாது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கழிமுகத்தின் மேலேதான் போகின்றன. அவை கசிந்து கசிந்தே பல இடங்களில் தரை உயர்ந்து ஆழம் குறைந்திருக்கிறது. நேற்று படகு போன இடத்தில் இன்று தரை தட்டலாம். இப்படிக் குழாய் உடைவதற்கெல்லாம் கூண்டு கிடையாது. பூண்டி ஏரி திறந்தால் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை வரும். அது தண்ணீரின் அளவைச் சொல்லும், தண்ணீரில் என்ன கலந்திருக்கு என்பதைச் சொல்லாது.

பெரிய செலவும் இல்லை. ஆலையின் வடிகால் வாயில் எண்ணெய் தென்பட்டதுமே மீன்வளத் துறைக்கு ஒரு அழைப்பு, அங்கிருந்து ஊர்ப் பஞ்சாயத்துகளின் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு. அதோடு கரையில் ஒலிபெருக்கியும் வேண்டும். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் போனைக் கரையில்தான் வைத்துவிட்டு இறங்குகிறார்கள்.