குரூப்பைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையா, பயமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால், குளச்சல் கடலோர வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: ''கடல் வேலை என்னோட போகட்டும் மக்ளே... நீ படிச்சு வெளிநாட்டுக்குப் போயிரு!''

அந்த அப்பாவைக் குறை சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் இது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில், கடலுக்குப் போன குமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரை திரும்பவே இல்லை. பிள்ளை கரையிலேயே பிழைக்கட்டும் என்று நினைப்பது பாசம்தான்.

ஆனால், அந்தப் பாசத்துக்குள் பயமும் இருக்கிறது. டீன் ஏஜ் பிள்ளைகளின் தேர்வில் ஆசையைவிட வீட்டின் பயமும், கையிருப்பும், கண்ணில் படும் மனிதர்களுமே பல நேரம் முந்திக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா வளைகுடாவில் நர்ஸ் என்றால், நர்ஸிங்தான் முதலில் நினைவுக்கு வரும். நண்பன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால், இவனும் அதே வரிசையில் நிற்பான். பார்த்திராத வேலைக்கு எப்படி ஆசைப்பட முடியும்?

இந்த முடிவு பிளஸ் டூவுக்குப் பிறகு எடுக்கப்படுவதில்லை. 15 வயதில், குரூப் எடுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. உயிரியலை விட்டால் மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு கைநழுவும். கணிதத்தை விட்டால் மரைன் இன்ஜினீயரிங் போய்விடும்.

கடல் என்றால் வள்ளமும் வலையும் மட்டுமல்ல. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் 'சிஃப்நெட்' நிறுவனத்தில், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கே மீன்பிடிக் கப்பலைச் செலுத்தவும், அதன் இன்ஜினைப் பராமரிக்கவும் பயிற்சி தருகிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை மூன்று:

* 'என்ன ஆகப்போற?' என்பதற்குப் பதில், 'எதைச் செய்யும்போது நேரம் போறதே தெரியல?' என்று கேளுங்கள்.

* பிள்ளை விரும்பும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் நேரில் அழைத்துப்போய்ப் பேசவிடுங்கள். சம்பளத்தோடு சிரமத்தையும் கேட்கட்டும்.

* குரூப் எடுக்கும் முன், எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்பு போகும் என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டுதலையும் பயன்படுத்துங்கள்.

எல்லாம் தெரிந்த பிறகு, பிள்ளை கடல் வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி. காற்றைப் பார்க்காமல் வள்ளம் இறக்காதவர்கள் நாம். பிள்ளைக்கும் கொஞ்சம் பார்க்க நேரம் கொடுப்போமே!