குறும்படப் போட்டியும் தாய்மொழியும்

தொழிலின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு மும்பை, புனே, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், திரைப்படக் கலையில் நாட்டங்கொண்ட இளைஞர்களும் இளம்பெண்களும் பலர் உளர். கைபேசியிலேயே படம் பிடிக்கும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில், அந்நாட்டம் வெறுங்கனவாக நின்றுவிட வேண்டுவதில்லை. ஆயினும் முதற்படத்தை எடுக்க முற்படும்போதே ஓர் ஐயம் அவர்களை வழிமறிக்கின்றது. வீட்டுத் தமிழில் எடுத்தால் இவ்வூரில் அதைப் பார்ப்பவர் யார்? ஊர் மொழியில் எடுத்தால் அது நம் உள்ளத்திலிருந்து வருமா? இவ்வையத்துக்கு 2024-ஆம் ஆண்டு நடந்த ஒரு போட்டி நல்லதொரு விடையை அளித்திருக்கின்றது. அதனை இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

பிரான்சு நாட்டின் கான் நகரத்தில் நடைபெறும் உலகத் திரைப்பட விழாவில், திரைப்படப் பள்ளி மாணவர்களின் படங்களுக்கென்றே ஒரு பிரிவு 1998-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. இப்போது அதன் பெயர் ‘லா சினெஃப்’. 2024-ஆம் ஆண்டில் உலகெங்குமுள்ள 555 பள்ளிகளிலிருந்து 2,263 படங்கள் இதற்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் திரையிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவை 18 மட்டுமே. அந்தப் பதினெட்டினுள் முதற்பரிசாகிய 15,000 யூரோவைப் பெற்றது ஒரு கன்னடப் படம். அதை எடுத்தவர் சிதானந்த நாயக் என்னும் இளைஞர். மைசூரில் மருத்துவம் பயின்றபின், திரைப்பட ஆர்வத்தால் புனே நகரத்திலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். பழைய பிரபாத் படப்பிடிப்பு நிலையம் இருந்த வளாகத்தில் 1960-இல் நிறுவப்பட்டது அந்நிறுவனம். அங்குப் பயின்ற அஷ்மிதா குஹா நியோகி, 2020-ஆம் ஆண்டிலேயே கான் மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்றிருந்தார்.

‘சூரியகாந்திப் பூக்களே முதலில் அறிந்தன’ என்பது நாயக் எடுத்த படத்தின் தலைப்புக்குப் பொருள். கதை கருநாடக நாட்டுப்புறத்தைச் சேர்ந்தது. ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிவிடுகிறாள். சேவல் கூவாததால் சூரியன் உதிக்கவில்லை. ஊர் இருளில் மூழ்குகின்றது. சேவலை மீட்பதற்காகப் பழைய குறியொன்றை நாடுகின்றனர் ஊரார். அதன் பயனாகக் கிழவியின் குடும்பம் ஊரை விட்டே வெளியேற்றப்படுகின்றது. இவ்வளவுதான் கதை. படத்தின் நீளம் 16 நிமிடங்கள். படப்பிடிப்புக்குக் கிடைத்த காலம் நான்கே நாட்கள். இதிலிருந்து இளம் இயக்குநர் அறிந்துகொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, மொழி. மராத்தி வழங்கும் நகரத்தில், இந்தியாவின் பல பகுதி மாணவர்களுக்கிடையே இருந்துகொண்டு, நாயக் தம் தாய்மொழியிலேயே படம் எடுத்தார். பிரெஞ்சு நாட்டில் கன்னடம் அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் சொற்களின் பொருளைத் தெரிவித்துவிடுகின்றன. ஆனால் ஒரு கிழவி சினந்து பேசுகையில் அவள் குரல் எப்படி ஏறி இறங்கும், ஒரு சேவல் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பவற்றை எந்த மொழிபெயர்ப்பும் தேடித் தர இயலாது. அவற்றை அறிந்தவரே அவற்றைக் காட்ட முடியும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வகை அறிவு இருமடங்காக வாய்த்துள்ளது. தாய் தமிழில் வினவ, மகன் இந்தியில் விடையிறுக்கும் வீடுகள் நம்முடையவை. ஊரிலிருந்து வந்த பாட்டி, அண்டை வீட்டு மராத்தி மூதாட்டியுடன் பொதுமொழி ஒன்றுமின்றியே மணிக்கணக்கில் உரையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். இவை வேறெவரும் எடுத்திராத காட்சிகள். வெளியூரில் இருந்துகொண்டு தமிழ்ப்படம் எடுப்பது புதுமையும் அன்று. முதல் தமிழ்ப் பேசும்படமெனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ 1931-இல் உருவானது பம்பாய் நகரத்திலன்றோ? அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நின்ற நாயகர் தெலுங்கில் மறுமொழி கூறினார்!

இரண்டாவது, அளவறிதல். குறும்படம் என்பது நெடும்படத்தின் சுருக்கம் அன்று. அதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அந்நிகழ்ச்சியில் ஒரு திருப்பம் போதும். ஒரு திருட்டு, அதனால் விளைந்த ஓர் இருள் என்பதற்கு மேல் நாயக் ஆசைப்படவில்லை. முப்பது ஆண்டு வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் அடக்க முயல்வதே தொடக்கநிலையில் உள்ளோர் பெரும்பாலும் செய்யும் பிழை. போட்டி விதிக்கும் கால எல்லை ஒரு தடையாகத் தோன்றினும், உண்மையில் அது நல்லாசிரியனாகவே அமைகின்றது. எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அது கற்பிக்கின்றது.

மூன்றாவது, கூட்டுழைப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய துறையினர் கைகோக்காமல் இயக்குநர் ஒருவரால் மட்டும் படம் அமைவதில்லை. இதனை நேரிற் கற்க நம் நாட்டிலேயே ஒரு வாயில் உண்டு. கோவாவில் நடைபெறும் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில், நாட்டு விடுதலையின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி, 35 வயதுக்கு உட்பட்ட இளங்கலைஞர் 75 பேரைத் தெரிந்தெடுக்கும் திட்டம் 2021-இல் தொடங்கிற்று. 2024-இல் அவ்வெண்ணிக்கை 100 ஆயிற்று. அவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து, 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குறும்படத்தை எடுத்து முடித்தனர். வெவ்வேறு மாநிலத்தவர் ஒரே குழுவில் இரவும் பகலும் உழைக்கும்போது, இரு மொழிச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்குப் பிறர் மனம் அறியும் பழக்கம் பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘பரிசு சோறு போடுமா?’ நியாயமான கேள்வியே. தமிழ்த் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் ‘பீட்சா’வையும், நலன் குமாரசாமி 2013-இல் ‘சூது கவ்வும்’ படத்தையும் அளித்துப் புகழ் பெற்றனர் என்பது மெய். ஆனால் கான் நகருக்கு வந்த 2,263 படங்களுள் 2,245 திரைக்கே வரவில்லை என்பதும் மெய். ஆகவே கல்வியையோ கைத்தொழிலையோ கைவிட்டுப் போட்டியை நம்புவது அறிவுடைமை ஆகாது. கடன் வாங்கிக் கருவிகள் வாங்குதலும் வேண்டா. அதே வேளையில், தோற்ற படம் வீணானது என்று எண்ணுதலும் தவறு. எடுத்து முடித்த ஒரு படம், எடுக்க நினைத்த பத்துப் படங்களைவிட மிகுதியாகக் கற்பிக்கும்.

போட்டிக்கு அனுப்புமுன் விதிகளை வரிவரியாகப் படித்தல் நன்று. நீளம் எவ்வளவு, வயது வரம்பு என்ன, மொழிபெயர்ப்பு வரிகள் எம்மொழியில் வேண்டும், முன்னரே வெளியிட்ட படம் ஏற்கப்படுமா என்பவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறர் இசையை உரிமையின்றிச் சேர்த்தல் கூடாது. உரையாடல் தெளிவாகக் கேட்க வேண்டும். சற்று மங்கிய காட்சியைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், கேட்காத பேச்சைப் பொறுப்பதில்லை.

இவை யாவும் பயிற்சியால் கைவருவன. பயிற்சியால் வாராதது ஒன்றே: நம் வீட்டில் மட்டுமே வழங்கும் கதை. அதை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர், என்றென்றும் இருக்கப்போவதில்லை. அவர்கள் அருகில் அமர்ந்து, ‘உங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்லுங்கள், பாட்டி’ என்று கேட்பதிலிருந்து நம் இளைஞர்கள் தங்கள் முதற்படத்தைத் தொடங்குவார்களாக.