நன்றியே விலங்கான கதை

1961-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து மருத்துவமனையொன்றில் நோயுற்றுச் சேர்ந்த வெள்ளைக்காரப் போதகர் ஒருவருக்கு, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கியிருந்த வார்டில் தவறுதலாகப் படுக்கை கொடுத்துவிட்டார்கள். பிழையை உணர்ந்து அவரை வேறிடத்துக்கு மாற்ற வந்தபோது, அவர் போக மறுத்ததோடு நில்லாமல், அக்கம்பக்கத்து நோயாளிகளுக்குப் படுக்கை விரித்தும், அவர்களுடைய மலச்சட்டிகளைத் தாமே எடுத்துக் கொட்டியும் அங்கேயே தங்கியிருந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 18 அன்று, தென்னமெரிக்கக் காடொன்றில், தம்மை நம்பி வந்த தொள்ளாயிரம் பேருக்கு மேல் மாண்டுபோகக் காரணமாயிருந்தவரும் இவரே. பெயர் ஜிம் ஜோன்ஸ்.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் மனம், அப்படியானால் அந்த ஆஸ்பத்திரிச் சேவை வெறும் வேஷந்தான் என்று முடிவு கட்டி ஆறுதலடையப் பார்க்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. விவரங்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஜபம் செய்வது அபூர்வமாயிருந்த அந்நாளில், ‘மக்கள் ஆலயம்’ என்ற தமது சபையில் இருவரையும் தோளோடு தோளாக அவர் உட்காரவைத்தார். ஏழைகளுக்கு இலவச உணவுச்சாலை நடத்தினார். நர்ஸாயிருந்த அவர் மனைவி முதியோர் இல்லங்களைக் கவனித்துக்கொண்டார். ஜோன்ஸ் கறுப்பினக் குழந்தையொன்றைத் தத்தெடுத்து, அதற்குத் தம் பெயரையே இட்டார். இன்னொரு பக்கம், கோழியின் உள்ளுறுப்புகளைக் கைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு, நோயாளியின் உடம்பிலிருந்து புற்றுக்கட்டி வெளிவந்துவிட்டதாகக் காட்டும் கண்கட்டு வித்தையும் அச்சபையில் நடந்தது. இட்ட சோறு மெய், எடுத்த கட்டி பொய். சோறு மெய்யாயிருந்தபடியால் கட்டியையும் ஜனங்கள் நம்பினார்கள்.

அணு யுத்தம் வரப்போகிறதென்ற அச்சத்தைச் சொல்லி, 1965-ல் தம் பரிவாரத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜோன்ஸ், அடுத்த பத்தாண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் செல்வாக்கு மிகுந்த தலைவரானார். அரசியல்வாதிகள் அவரைத் தேடி வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்தில் அவருக்குப் பதவியும் கிடைத்தது. அது கிடக்கட்டும்.

அச்சபையில் சேர்ந்த ஒரு கிழவியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தென் மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி வந்து, பிறர் வீடுகளில் வேலை செய்தே முதுமையடைந்த கறுப்பினப் பெண்மணி அவள். சபை அவளுக்கு வைத்தியம் பார்க்கிறது, சர்க்கார் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறது, போதைப் பழக்கத்தில் விழுந்த பேரனைத் திருத்தித் தருகிறது. ஆயுளில் முதன்முறையாக ஒரு கூட்டம் அவளைப் பேர் சொல்லி அழைத்துப் பக்கத்தில் உட்காரவைக்கிறது. மனம் நெகிழ்ந்து, மாதந்தோறும் வரும் ஓய்வூதியக் காசோலையைச் சபையினிடமே ஒப்படைக்கிறாள்; பிறகு வீட்டை விற்ற பணத்தையும் கொடுக்கிறாள். அவள் கையிலிருந்து ஒருவரும் எதையும் பிடுங்கவில்லை. ஆனால் ஒரு நாள் ஏதோ ஒன்று மனத்துக்கு ஒவ்வாமல் போய், விலகிவிடலாம் என்று அவள் எழுந்தால், போவதற்கு வீடில்லை, கையில் காசில்லை, உற்றார் உறவினரோ அத்தனை பேரும் உள்ளேயே இருக்கிறார்கள்.

இதற்குப் பின் வந்த அடக்குமுறைகளுக்கு அதிகப் பிரயாசை தேவைப்படவில்லை. இரவுக் கூட்டங்களில் ஒருவர் குற்றத்தை மற்றவர் எழுந்து சொல்ல வேண்டும், கணவன் குற்றத்தை மனைவியும் சொல்ல வேண்டும். பிழை செய்தவரைச் சபை நடுவே மரப்பலகையால் அடித்தார்கள். வெற்றுக் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜோன்ஸை எல்லாரும் ‘அப்பா’ என்றுதான் அழைத்தார்கள். அப்பா அடித்தால் கேட்பார் யார்?

செய்த உதவியை மறப்பதைப் போல் மகாபாதகம் வேறில்லை என்று கேட்டு வளர்ந்த நமக்கு, இவ்விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. நன்றியறிதல் பெறுபவனுக்குரிய தர்மம்; கொடுத்தவன் அதைக் கடனாகக் கணக்கெழுதி வசூலிக்கப் புறப்பட்ட கணத்திலேயே அவன் செய்த தானம் வியாபாரமாகிவிடுகிறது. ஆகையால் ஒரு சபையின் கருணையை அளக்க, பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு எனக்குப் போதாது. பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனவனைப் பற்றி அச்சபை மறுநாள் என்ன பேசிற்று என்பதையும் கேட்பேன். மக்கள் ஆலயத்தில் அவனுக்குத் துரோகி என்று பெயர்.

1977-ல், விலகிப்போனவர்கள் பத்திரிகைக்குச் செய்தி சொல்லத் தொடங்கிய சமயத்தில், நூற்றுக்கணக்கான அடியார்கள் கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நம்மவரும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தேசம் அது. அங்கே காட்டை வெட்டி அமைத்த குடியிருப்புக்கு ஜோன்ஸ்டவுன் என்று பெயர். கடவுச்சீட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன. கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. ஒலிபெருக்கியில் இரவும் பகலும் ஜோன்ஸின் குரல். ‘வெள்ளை இரவு’ என்ற பெயரில், கூட்டமாக உயிர்விடுவதற்கு ஒத்திகையும் நடந்தது.

உறவினர்களின் முறையீட்டின்பேரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரையன் நவம்பர் 17 அன்று நேரில் வந்தார். அன்றிரவு அவருக்குப் பாட்டும் கூத்துமாக விருந்து நடந்தது. சிலர் இவ்விடத்தைத் தங்கள் வாழ்வின் பெரும்பேறாகக் கருதுவது தமக்குப் புரிகிறதென்று அவர் சொன்னபோது கரகோஷம் அடங்க வெகுநேரமாயிற்று. அதே இரவில், தங்களை இங்கிருந்து வெளியேற்ற உதவவேண்டுமென்று எழுதிய சிறு துண்டுக்காகிதமொன்று, உடன் வந்திருந்த நிருபர் ஒருவர் கைக்கு இரகசியமாக வந்து சேர்ந்தது. மறுநாள் பதினைந்து பேரளவில் ரையனுடன் புறப்பட்டார்கள். பக்கத்து விமானத்தளத்தில் ரையனும் வேறு நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அன்றே ஜோன்ஸ்டவுனில் நடந்த கடைசிக் கூட்டத்தின் ஒலிநாடா, முக்கால் மணி நேர அளவில், இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பெண்மணி எழுந்து, குழந்தைகளாவது பிழைத்திருக்க வேண்டாமா, வேறு தேசத்துக்குப் போக வழியில்லையா என்று ஜோன்ஸிடம் வாதாடுகிறாள். அவளுடைய வாயை அடைத்தது ஜோன்ஸின் குரல் மட்டுமன்று. கூட்டத்தாரே அவளை அதட்டி உட்காரவைக்கிறார்கள், அப்பா தங்களுக்குச் செய்த உபகாரத்தை எடுத்துச் சொல்லித் தழுதழுத்த குரலில் வந்தனம் கூறுகிறார்கள். பிறகு சயனைடு கலந்த பானத்தை முதலில் குழந்தைகளுக்கே புகட்டினார்கள். சுற்றிலும் துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்றார்கள். அன்று மாண்டவர் மொத்தம் 918 பேர். அவர்களில் முந்நூறுக்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர்.

உரியவர் வந்து கேளாத அல்லது அடையாளம் தெரியாத நானூறுக்கு மேற்பட்ட உடல்களை, ஓக்லண்ட் நகரத்து எவர்கிரீன் இடுகாடு ஏற்றுக்கொண்டது. 2011-ல் அங்கே கருங்கற்பலகைகள் பதித்து, இறந்தவர் பெயர்களையெல்லாம் வெட்டிவைத்தார்கள். அவற்றுள் ஜோன்ஸின் பெயரும் இருக்கிறது. சிலர் அதை எதிர்த்தார்கள்.