இணையக் கடையும் அதற்கேற்ற மென்பொருளும்

கடைத்தெருவிலே கடை திறக்க எண்ணும் வணிகன் முதற்கண் ஆராய்வது இடத்தையாகும். வாடகை எவ்வளவு, சன நடமாட்டம் உண்டா, மாரியில் ஒழுகாதா என்பனவற்றோடு, உறுதி யார் பெயரில் உள்ளது, எழும்பச் சொன்னால் எத்தனை மாதத் தவணை கிடைக்கும் என்பனவற்றையும் அவன் கேட்டறியாது விடான். அதே வணிகன் இணையத்திலே கடை திறக்க முற்படும்போது இவ்விறுதி வினாக்களை மறந்துவிடுகின்றான். அழகிய முகப்பும் குறைந்த மாதக் கட்டணமுமே அவன் கண்ணிற் படுகின்றன. இணையத்தளம் அமைக்கும் மென்பொருள்கள் இன்று பலவாகப் பெருகிவிட்டன. அவற்றுள் சிறு வணிகத்திற்கு ஏற்றது யாது என்பதை அறிதற்கு, அவை தோன்றிய வரலாற்றையும் இயங்கும் முறையையும் ஓரளவேனும் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

இணையக் கடை வெறும் படக்காட்சி அன்று. பொருள்களின் பெயர், விலை, இருப்பு, வாங்குவோர் முகவரி, அவர் இட்ட கட்டளை, செலுத்திய பணம் ஆகிய யாவும் ஒரு தரவுத்தளத்திலே பதிவாகின்றன. நாம் உலாவியிற் காணும் முகப்பு அப்பதிவுகளை எடுத்துக் காட்டுகின்ற திரை மாத்திரமே. ஆகவே மென்பொருளைத் தெரிவு செய்தல் என்பது திரைக்குச் சாயம் தெரிவு செய்தலன்று. கடையின் பேரேட்டை எவ்விடத்தில், எவர் கையில் வைப்பது என்று தீர்மானித்தலேயாம்.

உலகளாவிய வலையின் அடிப்படைத் தொழினுட்பத்தை ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையம் 1993 ஆம் ஆண்டு ஏப்பிரில் 30 ஆந் திகதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கிற்று. அக்காலத்தில் ஒரு பக்கத்தை அமைப்பதற்கு எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கையாலேயே எழுதவேண்டியிருந்தது. 1995 இல் ஐக்கிய அமெரிக்காவிலே போல் கிரகாம், றொபேட் மொறிஸ் என்போர் வயாவெப் என்னும் மென்பொருளை ஆக்கினர். ஓவியக் கூடங்களை இணையத்தில் ஏற்றுவதே அவர்களது முதல் முயற்சி. ஓவியக் கூடத்தார் அதனை விரும்பவில்லை; விரும்பியவர் வணிகரே. பாவிப்பவர் தம் கணினியில் எதனையும் நிறுவாது, உலாவியின் மூலமே தூரத்துச் சேவையகத்திலுள்ள கடையை அமைத்துக்கொள்ளலாம் என்பதே வயாவெப்பின் புதுமை. 1998 இல் யாகூ கொம்பனி அதனை வாங்கித் தன் பெயரில் வழங்கிற்று. இன்று மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கடைமென்பொருள்களுக்கெல்லாம் இதனை முன்னோடியெனக் கூறலாம்.

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட ஷொப்பிபை தோன்றிய கதை ஈண்டு நோக்கத்தக்கது. ஜேர்மனியிலிருந்து கனடாவிற் குடியேறிய ரொபியாஸ் லுட்கே என்னும் நிரலாளர், 2004 இல் ஒட்டாவா நகரிலிருந்து பனிச்சறுக்குப் பலகைகளை இணையத்தில் விற்க விழைந்தார். கிடைத்த மென்பொருள்கள் எவையும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. றூபி ஒன் றெயில்ஸ் என்னும் புதிய கருவியைக் கொண்டு தாமே ஒன்றை எழுதினார். காலப்போக்கில் பலகையிலும் பார்க்க மென்பொருளே விலைபோகும் எனக் கண்டு, 2006 இல் அதனைப் பிற வணிகருக்குத் திறந்துவிட்டனர். பொருத்தமானதைத் தேடிக் காணாது தாமே ஆக்கிக்கொள்ளல் நிரலறிந்தோர்க்கு இயலும். ஏனையோர் பிறர் ஆக்கியவற்றுள்ளேயே ஒன்றைத் தேரவேண்டியவராவர்.

பிறர் ஆக்கியவை இருவகைப்படும். ஷொப்பிபை, விக்ஸ், ஸ்குவெயர்ஸ்பேஸ் முதலியன வாடகை வீடு போல்வன. மென்பொருளும் சேவையகமும் கொம்பனிக்கு உரியன. மாதந்தோறும் கட்டணம் செலுத்துவோர் குடியிருப்பர். பழுது பார்த்தலும் பாதுகாப்பும் வீட்டுக்காரன் பொறுப்பு. மற்றையது சொந்தக் காணியில் வீடு கட்டுதல் போல்வது. 2003 இல் மற் முல்லன்வெக், மைக் லிற்றில் என்போர் வெளியிட்ட வேட்பிறெஸ்ஸும், 2011 இல் அதனோடு இணைக்கும் செருகுநிரலாகத் தோன்றிய வூகொமேர்ஸும் இவ்வகையின. மென்பொருள் இலவசம், எவரும் எடுத்துத் தாம் வாடகைக்குப் பெற்ற எந்தச் சேவையகத்திலும் நிறுவலாம், மாற்றலாம். வேட்பிறெஸ் என்ற பெயரிலேயே மாதக் கட்டண விடுதியொன்றும் உண்டு. அதனையும் கட்டற்ற மென்பொருளையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர்.

இவற்றுள் எது நன்று என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. முதலிற் கேட்கவேண்டிய வினா, 'இதனை விட்டு நீங்கும் நாளில் எதனைக் கொண்டுசெல்லலாம்?' என்பதாகும். விக்ஸிலே அமைத்த தளத்தை வேறொரு சேவையகத்திற்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது என்பதை அக்கொம்பனியே தன் உதவிப் பக்கங்களில் வெளிப்படையாகக் கூறுகின்றது. பொருட்பட்டியலையும் தொடர்புகளையும் அட்டவணைக் கோப்பாகப் பெறலாம். பக்கங்களின் அமைப்பு அங்கேயே தங்கிவிடும். ஷொப்பிபையிலே பொருள்கள், வாடிக்கையாளர், கட்டளைகள் ஆகியவற்றின் பட்டியல்களை இறக்கிக்கொள்ளலாம். ஆயின் வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் வெளிவாரா. புதிய கடையில் அவர்கள் யாவரும் மீண்டும் கடவுச்சொல் அமைக்கவேண்டியவராவர். வேட்பிறெஸ் தளத்தின் தரவுத்தளம் முழுவதையும் பிரதிசெய்து வேறிடத்தில் நிறுவல் கூடும்.

நீங்க வேண்டிய நிலை வணிகனது விருப்பத்தாலேயே வருவதன்று. மக்கள் தாமே பக்கங்கள் அமைத்த ஜியோசிற்றீஸ் 1994 இல் தொடங்கி, 1999 இல் யாகூவிடம் சென்று, 2009 இல் மூடப்பட்டது. கூகிள் கொம்பனி சிறு வணிகருக்கு இலவசமாக வழங்கிய எளிய இணையப் பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. பழைய முகவரியைத் தேடிவருவோரை வணிக விவரத்திற்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அவ்வாண்டு யூன் 10 வரையே நிலைத்தது. அத்தளங்களின் முகவரி கூகிளுக்கு உரியதாயிருந்தமையால், பெயர்ப்பலகையிலும் பொதியுறையிலும் அதனை அச்சிட்டிருந்தோர்க்குக் கையில் எஞ்சியது யாதுமில்லை.

ஆதலின் மென்பொருளைத் தேடுமுன்னரே ஆள்களப் பெயரைத் தன் சொந்தப் பெயரில் பதிவுசெய்தல் வணிகன் ஆற்றவேண்டிய முதற் கருமமாகும். தளம் அமைத்துத் தருபவரின் பெயரிற் பதிந்துவிட்டுப் பின்னர் அவரைத் தேடி அலைதல் வீண் துன்பம். இலங்கையில் வழமையான நாட்டுக் குறியோடு, 2010 இல் அங்கீகாரம் பெற்ற '.இலங்கை' என்னும் தமிழ் ஈற்றுப்பெயரும் உண்டு. பெயர் தன்னுடையதாயின் வீடு மாறினாலும் முகவரி மாறாது. உள்ளேயுள்ள பக்கங்களின் முகவரிகள் மாறுமாயின், '301' என்னும் குறியால் 'நிலையாக இடம்பெயர்ந்தது' என அறிவித்துப் பழையதிலிருந்து புதியதற்கு வழிவிடல் வேண்டும். அன்றேல் தேடுபொறிகள் பல ஆண்டுகளாகக் கொடுத்த மதிப்பு கைநழுவும்.

இவ்வளவும் கூறியதனால், சொந்த வீடே எவர்க்கும் ஏற்றது என்று கொள்ளற்க. சொந்த வீட்டுக்காரனே கூரையும் வேயவேண்டும். மென்பொருளும் அதன் செருகுநிரல்களும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படல் வேண்டும். புதுப்பியாத பழைய செருகுநிரலே கள்வர் நுழையும் வாயில். மகென்ரோ என்னும் கடைமென்பொருளின் முதற் பதிப்புக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 யூனுடன் நின்றபோது, அதனைப் பாவித்த கடைகள் பெரும்பாலும் மீளக் கட்டப்படவேண்டியவாயின. ஏனெனில் பழைய தோற்றங்களும் செருகுநிரல்களும் இரண்டாம் பதிப்பிற் பொருந்தவில்லை. கட்டற்ற மென்பொருளும் பூசலுக்குப் புறம்பானதன்று. 2024 செப்ரெம்பரில் வேட்பிறெஸ் தலைவருக்கும் டபிள்யூ. பீ. என்ஜின் என்னும் சேவையகக் கொம்பனிக்கும் பிணக்கு மூள, அக்கொம்பனியின் சேவையகங்களில் இருந்த தளங்கள் புதுப்பிப்புகளைப் பெறும் வழி அடைக்கப்பட்டது. டிசெம்பரில் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்தது. மாதத்துக்கு ஒருமுறையேனும் தளத்தைக் கவனித்துக் காப்புப்பிரதி எடுக்கவல்ல ஒருவர் குடும்பத்திலோ கடையிலோ இல்லையெனின், பத்துப் பொருள் விற்கும் சிறு வணிகனுக்கு வாடகை வீடே தகும்.

அடுத்து நோக்கவேண்டியது பணம் பெறும் வழி. வாங்குவோரின் அட்டை இலக்கத்தைத் தன் தளத்திலே சேமிக்க எந்தச் சிறு வணிகனும் எண்ணலாகாது. அட்டைக் கொம்பனிகள் 2004 இல் வகுத்த பாதுகாப்பு விதிகளின் சுமை முழுவதும் அவன் தலையில் விழும். வாங்குபவரை வங்கியின் அல்லது கொடுப்பனவுச் சேவையின் பக்கத்திற்கு அனுப்பி, செலுத்தியபின் திரும்பப் பெறுவதே பாதுகாப்பான முறை. மேனாட்டார் எழுதும் ஒப்பீடுகள் இவ்விடத்தில் நமக்கு அதிகம் உதவா. ஷொப்பிபை தன் சொந்தக் கொடுப்பனவுச் சேவையைப் பயன்படுத்தாதோரிடம் அட்டை விற்பனைதோறும் மேலதிக வீதமொன்றை அறவிடுகின்றது. அச்சேவையோ இலங்கை வணிகருக்கு வழங்கப்படுவதில்லை. எனவே இங்குள்ளவர் உள்ளூர்க் கொடுப்பனவுச் சேவைக்கு ஒரு பங்கும் ஷொப்பிபைக்கு ஒரு பங்கும் கொடுக்க நேரும். பொருள் கைசேரும்போது காசு பெறும் விற்பனைக்கு அம்மேலதிக அறவீடு இல்லை. விற்பனையிற் பெரும்பகுதி அவ்வகையினதாயின் கணக்கு வேறாகும்.

தமிழிற் கடை நடத்துவோர் கவனிக்கவேண்டிய நுட்பங்களும் சில உள. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சகத்தார் தட்டெழுதிய பட்டியல், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றாது தளத்தில் இட்டால் எத்தேடுபொறியும் அதனைத் தமிழெனக் காணாது. இணைய முகவரியிலும் தமிழுக்கு இடம் மிகுதியாகத் தேவைப்படும். ஒருங்குறியின் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் 9 இடங்களைக் கொள்ளும். 'பனங்கட்டி' என்னும் சொல்லில் புள்ளியும் இகரக் குறியும் உட்பட 9 குறியீடுகள் உள்ளமையால், அஃதொன்றே 81 இடங்களை விழுங்கும். வேட்பிறெஸ் பக்கப்பெயருக்கு ஒதுக்குவதோ 200 இடங்கள். நீண்ட தமிழ்த் தலைப்பு இடையே வெட்டுண்ணாதிருக்கச் சுருக்கமான முகவரியை வணிகனே எழுதிக்கொடுத்தல் நன்று.

பெரும்பாலான கொம்பனிகள் சில நாள்களுக்கு இலவசப் பரீட்சைக்கு இடந்தருகின்றன. அந்நாள்களில் முகப்பின் வண்ணத்தை மாற்றிக்கொண்டிராது, பத்துப் பொருள்களைத் தமிழ்ப் பெயரோடு பதிந்து, மலிவான கைத்தொலைபேசி ஒன்றிலிருந்து கட்டளையிட்டுப் பார்த்து, பின்னர் பட்டியல் முழுவதையும் அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். அக்கோப்பை எக்செல்லில் நேரே திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். அது மென்பொருளின் குற்றமன்று. தரவு இறக்குமதிப் பகுதிக்குச் சென்று யூ.ரி.எப். 8 என்னும் குறிமுறையைத் தெரிவு செய்து திறப்பின் பெயர்கள் செவ்வையாகத் தோன்றும்.