நள்ளிரவில் அடித்த மணி

கார்த்திகை அடைமழையில் அறந்தாங்கி கடைத்தெருவை ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்த்தால் தெரியும். இறக்கிய ஷட்டருக்கு முன்னால் உரச்சாக்கை விரித்துப் படுத்தவர்கள், சாரல் அடித்ததும் எழுந்து, சாக்கைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் குந்தியிருப்பார்கள். பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே தேவாலயங்கள் கூடத்தைத் திறந்து வீடற்றவர்களைப் படுக்க வைக்கின்றன. நமக்கு அந்தக் குளிர்காலம் இந்த மழைக்காலம்தான்.

வழியில்லாதவர்களுக்கு இப்படி இடம் கொடுப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் சேது யாத்திரை வழியெங்கும் மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது 1802-இல். இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் மணமேல்குடியிலும் மீமிசலிலும்கூட சத்திரங்கள் இருந்தன.

இத்தகைய சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் விரிவாகச் சொல்கிறது. எந்தச் சாதியானாலும், சாமியாரானாலும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நோயாளிக்கு வைத்தியரும் பத்தியச் சாப்பாடும். பிள்ளை பெற்றவள் 3 மாதம் தங்கலாம். அநாதைக் குழந்தைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். தலைக்கு எண்ணெய் வைப்பதைக்கூட கணக்கில் எழுதிவைத்த நிர்வாகம் அது! இத்தனைக்கும் செலவு, சத்திரத்துக்கென்று விட்ட ஊர்களின் வருமானத்திலிருந்து வந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது ஒரு மணி. நள்ளிரவில் அதை அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் படுப்பவர் தானாக வந்து கேட்பது அபூர்வம். கூச்சம் ஒரு பக்கம், விரட்டிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், மூட்டையை விட்டுவிட்டு வந்தால் காணாமல் போய்விடுமே என்ற கவலை இன்னொரு பக்கம். இன்றைக்கும் காப்பகம் நடத்துபவர்களின் பாதி வேலை ராத்திரியில் தெருத்தெருவாகப் போய் அழைப்பதுதான்.

2010-இல் டெல்லிக் குளிரில் ஆட்கள் இறந்ததைத் தொடர்ந்து வந்த வழக்கில், நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் கணக்கு வகுத்தது. அறந்தாங்கியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 40 ஆயிரம். அந்தக் கணக்குக்குள் நம் ஊர் வராது. ஆனால் கோயில் மண்டபம் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் இந்த மாவட்டத்து ஜனங்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும்தான் ஒதுங்கினார்கள்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரைக்கும் ஒரு கூடம் வேண்டும். உலர்ந்த பாய், போர்வை, சூடாகக் கஞ்சி, பெண்களுக்குத் தனித் தடுப்பு, மூட்டையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. பிறகு, கடைகள் அடைத்ததும் குடையும் டார்ச் லைட்டுமாகக் கடைத்தெருவைச் சுற்றி வந்து, "வாங்கய்யா, உள்ளே வந்து படுங்க" என்று கூப்பிட ஒரு ஆள்.